தராசுக்குத் தெரியாத தோல்: பெரிய எடைக் குறைவுக்குப் பின் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இதில் வருபவர் 42 வயதுப் பெண். அவருடைய சம்மதத்துடன் எழுதப்படுகிறது. அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன. பதின்ம வயதிலேயே பருமன் தொடங்கியிருந்தது. இரண்டு பிரசவங்கள், அதில் இரண்டாவது சிசேரியன். அதன் பிறகு எடை ஏறி ஏறி 131 கிலோவில் வந்து நின்றது. உயரம் 160 செ.மீ. என்பதால் உடல் நிறை எண் 51. டைப் 2 சர்க்கரை நோய், தூக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறு, படியேற விடாத மூட்டுவலி மூன்றும் சேர்ந்த நிலையில், இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கும் ஸ்லீவ் அறுவையைச் செய்துகொண்டார்.

அறுவை நல்ல பலன் தந்தது. 20 மாதங்களில் எடை 74 கிலோவுக்கு இறங்கியது. மூன்று மாதச் சர்க்கரை அளவான எச்பிஏ1சி 8.4-லிருந்து 5.6 ஆனது, சர்க்கரை மாத்திரைகள் நின்றன. இரவில் மூச்சுக்கருவி தேவைப்படவில்லை. இந்த எண்களை மட்டும் படிக்கிறவர் கதை சுபமாக முடிந்தது என்றே நினைப்பார்.

ஆனால் 131 கிலோ உடம்பை மூடியிருந்த தோல் 74 கிலோ உடம்புக்குச் சுருங்கவில்லை. தோலுக்கு உறுதி தருவது கொலாஜன். இழுத்துவிட்டால் மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பவைப்பது எலாஸ்டின். எலாஸ்டின் இழைகளில் பெரும்பகுதி கருவிலும் குழந்தைப் பருவத்திலும் உருவாகிவிடும். வளர்ந்த பிறகு அறுந்துபோனவற்றுக்கு ஈடாக, அதே ஒழுங்கில் புதியவை உருவாவது மிகக் குறைவு. இவருக்கு இருபது வருடங்களுக்கு மேல் தோல் இழுபட்டே இருந்தது. அதன்மேல் இரண்டு கர்ப்பங்கள், நாற்பதைத் தாண்டிய வயது, ஐம்பது கிலோவுக்கு மேல் இழப்பு. "மெதுவாகக் குறைத்திருந்தால் தொங்கியிருக்காது" என்று அவரிடம் பலர் சொல்லியிருக்கிறார்கள். இவ்வளவு எடையை எந்த வேகத்தில் இழந்திருந்தாலும் தோல் கணிசமாக மிஞ்சியிருக்கும் என்பதே எங்கள் கணிப்பு. எவ்வளவு குறைந்தது, எத்தனை வருடம் இழுபட்டிருந்தது, என்ன வயது, பிறவியில் வாய்த்த தோல் எப்படி, புகைப்பழக்கமும் வெயிலும் எவ்வளவு என்பவைதான் இதில் பெரிதும் தீர்மானிக்கின்றன.

முதல் சந்திப்பில் கண்டவை

எடைக் குறைப்புக்குப் பிந்தைய தொடர் கவனிப்புப் பிரிவில் பொது மருத்துவராக அவரை முதலில் பார்த்தேன். அவர் வந்தது தோல் தொங்குவதற்காக அல்ல. அடிவயிற்றில் ஐந்து மாதமாக ஆறாத புண்ணுக்காக வந்தார். அரிப்பு, எரிச்சல், நீர்க்கசிவு, வாடை. வாடைக்குப் பயந்து ஆட்கள் கூடும் இடங்களுக்குப் போவதைக் குறைத்திருந்தார். துணியை மடித்து அடிவயிற்றின் மடிப்புக்குள் செருகிக்கொண்டுதான் வெளியே கிளம்புவார். குனிந்து வேலை செய்தால் மடிப்பின் ஆழத்தில் தோல் வெடிக்கும்.

நின்ற நிலையில் வயிற்றுத் தோல் மடிப்பு பிறப்புறுப்பையும் தாண்டி மேல்தொடையை மூடியது. இந்த மடிப்பை ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் வழக்கம் உண்டு: பிறப்புறுப்புக்கு மேலே உள்ள பூப்பு மேட்டை மூடுவது முதல் நிலை, முழங்காலையோ அதற்குக் கீழோ தொடுவது ஐந்தாம் நிலை. இவருடையது மூன்றாம் நிலை. பழைய சிசேரியன் தழும்பு அடித்தசையோடு ஒட்டி உள்ளிழுத்திருந்ததால் மடிப்பு அந்த இடத்தில் இன்னும் ஆழமாகி, ஈரம் வெளியேற வழியில்லாமல் இருந்தது. உள்ளே தோல் செக்கச்செவேலென்று இருந்தது. ஓரங்களில் சிதறிய சிறு கொப்புளங்கள். நடுவில் 4 செ.மீ. நீள வெடிப்பு. சிதறிய கொப்புளங்கள் கேண்டிடா பூஞ்சைக்கு உரிய அடையாளம். சுரண்டி எடுத்த மாதிரியை நுண்ணோக்கியில் பார்த்தபோது அது உறுதியானது. மடிப்புகளில் வரும் எரித்ராஸ்மா என்ற பாக்டீரியாத் தொற்று, வுட் விளக்கின் புற ஊதாக் கதிரில் பவளச் சிவப்பாக ஒளிரும். இங்கே அப்படி இல்லை.

மார்பகங்களுக்குக் கீழே லேசான சிவப்பு. தொடைகளின் உட்பக்கம் உரசிக் கறுத்திருந்தது. மேல்கைத் தோல் தளர்ந்து தொங்கியது. வயிற்றின் நடுத்தசைகள் இரண்டும் 4 செ.மீ. விலகியிருந்தன, ஸ்கேனில் குடலிறக்கம் இல்லை.

இதுவரை என்ன தடவினார் என்று கேட்டபோது ஒரு ட்யூபைக் காட்டினார். பூஞ்சை மருந்தோடு வீரியமான ஸ்டீராய்டும் கலந்த களிம்பு. கடையில் கேட்டு வாங்கியது. தடவிய இரண்டாம் நாளே சிவப்பு தணியும், நிறுத்தினால் முன்பைவிட அதிகமாக வரும் என்றார். ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் அடக்கிவிடும், பூஞ்சையை அழிக்காது. மடிப்புக்குள் மருந்து அதிகம் உறிஞ்சப்படுவதால், ஏற்கெனவே நலிந்த தோல் இன்னும் மெலிந்து கிழியும்.

ரத்தப் பரிசோதனை தந்த செய்தி புண்ணைவிடக் கவலைக்குரியது. ஹீமோகுளோபின் 9.6. இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 7. பி12, வைட்டமின் டி இரண்டும் குறைவு. ரத்தத்தில் உள்ள புரதமான அல்புமின் 3.1. முடி கொத்தாகக் கொட்டுவதாகச் சொன்னார். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காரச் சொன்னோம். 30 விநாடியில் 9 முறைதான் முடிந்தது. 60 முதல் 64 வயதுப் பெண்களுக்கே 12-க்குக் குறைந்தால் சராசரிக்குக் கீழ் என்று கணக்கு.

உணவியல் நிபுணர் நிதானமாக விசாரித்தபோது காரணம் வெளிவந்தது. அவர் ஒரு நாளைக்குச் சாப்பிட்டது 800 கலோரி அளவு. புரதம் 35 கிராமுக்கும் குறைவு. எடை இன்னும் மாதம் ஒரு கிலோ இறங்கிக்கொண்டிருந்தது. தினமும் இருமுறை எடை பார்ப்பார். இலக்கு 60. அன்று கிளம்பும்போது அவர் கேட்டது: "இன்னும் பதினஞ்சு கிலோ குறைஞ்சா இந்தத் தொங்கலும் போயிடும்ல டாக்டர்?"

முதலில் மடிப்பை ஆற்றுவது

ஸ்டீராய்டு களிம்பை நிறுத்தினோம். பூசுவதற்கு க்ளோட்ரிமசோல் மட்டும், தினம் இருவேளை, சிவப்பு மறைந்த பிறகும் இரண்டு வாரம் தொடர்ந்து. பரப்பும் நாட்பட்ட தன்மையும் பார்த்து, வாரம் ஒரு 150 மி.கி. ஃப்ளூகோனசோல் மாத்திரை நான்கு வாரத்துக்கு.

மருந்தைவிட உலர்த்துவதற்குத்தான் அதிக நேரம் எடுத்துச் சொன்னோம். தேய்க்காமல் ஒற்றி எடுப்பது. படுத்த நிலையில் மடிப்பைத் தூக்கிப் பிடித்து, முடி உலர்த்தும் கருவியின் குளிர்காற்றைக் காட்டுவது. களிம்பு ஊறிய பிறகு துத்தநாக ஆக்சைடு மெல்லிய பூச்சு. செருகும் பருத்தித் துணியை ஈரமானதும் மாற்றுவது. வியர்வையில் ஊறிய துணி மூன்று மணி நேரம் மடிப்புக்குள் இருந்தால் அதைச் செருகாமலே இருந்திருக்கலாம். பகலில் இடுப்புக்கு மேல்வரை ஏறும் இறுக்கமான உள்ளாடை போடச் சொன்னோம். மடிப்பு தூக்கி நிற்பதால் தோலோடு தோல் உரசுவது குறையும், நடையும் இலகுவாகும்.

ஆறு வாரத்தில் புண் ஆறியது. பிறகு மூன்று மாதத்துக்குள் இருமுறை திரும்பி வந்தது. சொன்னதை அவர் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தார் என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. ஒவ்வொரு முறையும் தேதியிட்ட புகைப்படமும், தந்த சிகிச்சையும் கோப்பில் ஏறின. சரியான பராமரிப்புக்குப் பிறகும் புண் திரும்புகிறது என்றால் சிக்கல் மடிப்பின் அமைப்பில் இருக்கிறது என்று பொருள். அறுவை பற்றிய பேச்சு அந்தப் பதிவிலிருந்துதான் தொடங்கியது.

அடுத்தது எடைக் குறைப்பை நிறுத்துவது

இந்த நிகழ்வில் மிகக் கடினமான பகுதி இதுதான். இருபது வருடம் "குறை, குறை" என்று கேட்டுப் பழகியவரிடம், அதுவும் முதல் தடவையாகக் குறைப்பதில் வெற்றி கண்டவரிடம், இனிக் குறைக்க வேண்டாம் என்று சொல்வது மருத்துவர் கட்சி மாறிவிட்டதுபோல் அவருக்குப் பட்டிருக்கும்.

வாதத்தால் அவர் நம்பவில்லை. தொட்டுப் பார்த்து நம்பினார். மடிப்பின் கீழ்ப்பகுதியை அவரையே இரு விரல்களால் பிடிக்கச் சொன்னேன். கொழுப்பு மிகுந்த இடத்தில் விரல்களுக்கு இடையே தடிமனாக ஏதோ நிற்கும். இங்கே இரண்டு அடுக்குத் தோல், நடுவே கொஞ்சம் திசு, மொத்தம் இரண்டு செ.மீ. சொச்சம். அதில் உருக்கி எடுக்க அதிகம் மிச்சமில்லை. அப்படியானால் மாதம் குறையும் ஒரு கிலோ எங்கிருந்து போகிறது என்று அவரே கேட்டார். நாற்காலிப் பரிசோதனையின் எண்ணைக் காட்டினோம். போவதில் கணிசமான பங்கு தசை. தசை கரைந்தால் தோலுக்கு அடியில் உள்ள நிரவல் போய், தொங்கல் இன்னும் பெரிதாகத் தெரியும். அதாவது, தொங்கலைப் போக்க அவர் எடுத்த முயற்சியே தொங்கலை வளர்த்துக்கொண்டிருந்தது.

உடல் நிறை எண் எடையையும் உயரத்தையும் மட்டும் பார்க்கிறது. கையளவு தசைக்கும் கையளவு வெற்றுத் தோலுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. அட்டவணைப்படி 160 செ.மீ. உயரத்துக்கு 64 கிலோவுக்கு மேல் 'அதிக எடை'. அந்த அட்டவணை 130 கிலோவிலிருந்து இறங்கி வந்தவர்களை மனத்தில் வைத்துப் போடப்பட்டது இல்லை.

புரதத்தை நாளுக்கு 80 கிராம் அளவுக்கு, சிறு சிறு வேளைகளாகப் பிரித்து உயர்த்தினோம். ஸ்லீவ் அறுவைக்குப் பின் இரைப்பை அமிலம் குறைவதால் இரும்பு மாத்திரை சரியாக உடலில் சேராது. இவருக்கு வயிற்றுப் பொருமலும் வந்தது. அதனால் இரும்புச்சத்தை ரத்தக்குழாய் வழியாக ஏற்றினோம். பி12 ஊசியாக. வாரம் மூன்று நாள் தசைப் பயிற்சி, இயன்மருத்துவரின் மேற்பார்வையில். எடை பார்ப்பது வாரம் ஒருமுறை மட்டும்.

இரண்டே மாதத்தில் எடை 76 ஆனது. பதறிப்போய் வந்தார். பழைய 131-க்கு வழி திறந்துவிட்டது என்ற பயம். ஹீமோகுளோபின் 11.8, 30 விநாடியில் 14 முறை எழுந்து உட்கார்ந்தார், இடுப்புச் சுற்றளவு மாறவில்லை. கூடிய எடை எங்கே போய் உட்கார்ந்தது என்பதை இந்த மூன்றும் சொல்லின. அன்றே எங்கள் குழுவின் மனநல ஆலோசகரையும் சேர்த்துக்கொண்டோம். பெரிய உடம்போடு வாழ்ந்த மனம் புதிய அளவை ஏற்க நாளாகும். கதவில் பக்கவாட்டாகத் திரும்பி நுழையும் பழக்கம் அவருக்கு அப்போதும் இருந்தது. கண்ணாடியில் தொங்கும் தோல், "நீ இன்னும் பழைய ஆள்தான்" என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தது.

ஆறு மாதம் எடை 75-க்கும் 76-க்கும் இடையில் நின்றது. தோலைச் சீரமைக்கும் அறுவைக்கு எடை குறைந்தபட்சம் மூன்று முதல் ஆறு மாதம் நிலையாக இருக்க வேண்டும் என்று கேட்பது வீண் சம்பிரதாயம் இல்லை. அறுவைக்குப் பின் எடை மேலும் குறைந்தால் தோல் மறுபடி தளரும். ஏறினால் தையல் போட்ட தோல் மறுபடி இழுபடும். இறங்கிக்கொண்டே இருக்கும் உடம்பில் காயம் ஆறுவதும் சுணங்கும்.

இந்தக் காத்திருப்புக் காலத்தில் அவர் தோலை இறுக்கும் க்ரீம்கள், கொலாஜன் பொடி, ரேடியோ அலைக் கருவி எல்லாம் பற்றிக் கேட்டார். லேசான தளர்வில் ரேடியோ அலைக் கருவி ஓரளவு இறுக்கம் தரலாம். தொடை வரை தொங்கும் மடிப்பைக் குறைக்க க்ரீமாலோ பொடியாலோ கருவியாலோ முடியாது. உடற்பயிற்சியும் தோலை வெட்டாது. அடியில் தசையை நிரப்பித் தோற்றத்தை மாற்றும், அவ்வளவுதான். இதை அவரிடம் ஒளிக்காமல் சொன்னது நல்லதாகப் போயிற்று. ஏமாற்றம் அங்கேயே தீர்ந்தது. அதற்காக எடுத்து வைத்திருந்த பணமும் மிஞ்சியது.

எந்த அறுவை

முதலில் அவர் கேட்டது எல்லாவற்றையும்: வயிறு, கை, தொடை, மார்பகம், ஒரே மயக்கத்தில். பிளாஸ்டிக் சர்ஜன் மறுத்தார். அறுவை நேரம் நீள நீள ரத்த இழப்பு, காலில் ரத்தம் உறைவது, காயம் பிரிவது எல்லாமே கூடும். சமீபத்தில்தான் ரத்தசோகையிலிருந்து மீண்டவர் இவர்.

வயிற்றுக்கு மட்டும் என்றாலும் வழி பல. தொங்கும் தோலையும் கொழுப்பையும் வெட்டி எடுப்பதோடு நிறுத்துவது ஒன்று. அதோடு விலகிய தசைகளைச் சேர்த்துத் தைத்து, தொப்புளை இடம் மாற்றி அமைப்பது இரண்டாவது. குறுக்கு வெட்டோடு நெஞ்செலும்பின் கீழிருந்து செங்குத்தாக இன்னொரு வெட்டும் போட்டு, பக்கவாட்டுத் தளர்வையும் சேர்த்து இறுக்குவது மூன்றாவது. இடுப்பைச் சுற்றிலும் வெட்டி, முதுகுப்புறத்தையும் தூக்குவது நான்காவது.

எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. சிக்கல் புண்ணில்தான், அதனால் மடிப்பை மட்டும் எடுத்தால் போதும் என்பது என் பக்கம். நடுத்தசை 4 செ.மீ. விலகி, பயிற்சியிலும் சேராமல், நெடுநேரம் நின்றால் இடுப்புவலி வருகிறது. மயக்கம் கொடுத்துத் திறந்த பிறகு அதை விட்டுவிடுவது ஏன் என்றார் சர்ஜன். அவர் சொன்னதே நியாயம் என்று பட்டது. செங்குத்து வெட்டும் சேர்ந்தால் மேல்வயிறு இன்னும் தட்டையாகும். ஆனால் இரண்டு வெட்டுகளும் சந்திக்கும் முனையில் ரத்த ஓட்டம் மிகக் குறைவு. காயம் பிரிவது அங்கேதான் அதிகம். இரண்டு தழும்புகளின் படங்களையும் பார்த்துவிட்டு அந்தப் பெண் எடுத்த முடிவு: குறுக்கு வெட்டு மட்டும், தசையைச் சேர்த்துத் தைப்பதோடு. மேல்வயிற்றின் இருபுறமும் கொஞ்சம் தளர்வு தங்கும் என்று தெரிந்தே கையெழுத்திட்டார். கை பற்றி அவரே பின்வாங்கினார். மேல்கை அறுவையின் தழும்பு அக்குளிலிருந்து முழங்கை வரை நீளும். தோலை மறைக்கப் போடும் நீளக்கைச் சட்டையைத் தழும்பை மறைக்கவும் போட வேண்டியிருக்கும் என்றார்.

வீட்டில் ஒரு தடை இருந்தது. "அழகுக்காக எதுக்கு வயித்தைக் கிழிக்கணும்?" என்று கணவர் கேட்டார். அவர் மனைவியின் சம்மதத்தோடு, கோப்பிலிருந்த வெடிப்பின் படங்களைக் காட்டினேன். அவற்றை அவர் அதுவரை பார்த்ததே இல்லை. வாடைக்கும் வெட்கத்துக்கும் பயந்து மனைவி இத்தனை நாளும் மறைத்திருக்கிறார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வி வரவில்லை. சொல்லப்போனால், அழகுக்காக என்று கேட்டிருந்தாலும் அது கேட்கத் தகாத ஆசை இல்லை. இந்தக் கோப்பில் முதல் காரணம் அதுவாக இல்லை, அவ்வளவே.

அறுவைக்கு முன் ஹீமோகுளோபின் 12.4, அல்புமின் 3.9, மடிப்பில் புண் இல்லை. மூன்றும் சேராமல் தேதி குறிப்பதில்லை என்று முன்பே பேசி வைத்திருந்தோம். அவருக்குப் புகைப்பழக்கம் இல்லை. இருந்திருந்தால் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்தியாக வேண்டும்; நிக்கோட்டின் நுண்ணிய ரத்தக்குழாய்களைச் சுருக்கி, தூக்கித் தைத்த தோலின் ஓரத்தைச் சாகடிக்கும்.

அறுவையும் முதல் ஆறு வாரங்களும்

அறுவை மூன்று மணி நேரம் நடந்தது. எடுத்த தோலும் திசுவும் 2.9 கிலோ. மயக்கம் தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி எவ்வளவு எடுத்தீர்கள் என்பதுதான். பதிலைக் கேட்டு முகம் வாடியது: "இவ்வளவுதானா?" எட்டு, பத்து கிலோ என்று எண்ணியிருந்தார். பெரும்பாலானோர் அப்படித்தான் எண்ணுகிறார்கள். பார்வைக்குப் பெரிதாக இருந்தாலும் தோலின் எடை குறைவு.

கேப்ரினி மதிப்பெண்படி ரத்த உறைவு அபாயம் கணிசமாக இருந்ததால் கெண்டைக்கால் அழுத்தக் கருவியும் ஹெப்பாரின் ஊசியும் கொடுத்தோம். தசையை இறுக்கித் தைப்பதால் வயிற்றுக்குள் அழுத்தம் கூடி, காலிலிருந்து ரத்தம் திரும்புவது மந்தமாகும் என்பதும் இதில் ஒரு காரணம். அன்று மாலையே இடுப்பை வளைத்தபடி சில அடிகள் நடக்க வைத்தோம். நிமிர்ந்து நடக்க இரண்டு வாரம் ஆனது.

நீர் வடியும் இரண்டு குழாய்களில் ஒன்றை எட்டாம் நாளும் மற்றதைப் பதினோராம் நாளும் எடுத்தோம். நாளுக்கு 30 மி.லி.க்குக் குறைவாக இரண்டு நாள் தொடர்ந்து வந்தால் எடுப்பது வழக்கம். இரண்டாம் வாரத்தில் தையலின் நடுப்பகுதியில், பூப்பு மேட்டுக்கு மேலே, இரண்டு செ.மீ. அளவுக்குக் காயம் பிரிந்தது. அதிக இழுவை தாங்கும் இடம் அது. மறுதையல் போடவில்லை, கட்டு மாற்றி மாற்றியே ஐந்து வாரத்தில் மூடியது.

மூன்றாம் வாரம் அடிவயிறு மறுபடி உப்பியது. கொழுப்பு திரும்பிவிட்டது என்று அழுதபடி வந்தார். தட்டினால் நீர் அலை தெரிந்தது. சீரோமா, அதாவது தோலுக்கும் தசைக்கும் நடுவே தேங்கும் ஊனீர். இந்த அறுவையில் அதிகம் காணும் சிக்கல்களில் ஒன்று. ஊசியால் முதலில் 120 மி.லி., அடுத்த வாரம் 60, பிறகு 20 எடுத்தோம். அழுத்த உள்ளாடையை எட்டு வாரம் வரை நீட்டித்தோம். பிறகு தேங்கவில்லை. இப்படி ஆகலாம் என்று முன்பே சொல்லியிருந்தும் அந்தப் பயம் வந்தது. வயிறு உப்புவதற்கு இருபது வருடமாக ஒரே பொருள்தான் என்றிருந்தவர் அவர்.

ஓராண்டில்

அடிவயிற்றில் புண் ஒருமுறைகூட வரவில்லை. துணி செருகுவது நின்றது. குனிவது, வேகமாக நடப்பது, நெடுநேரம் உட்கார்ந்து பயணம் செய்வது எல்லாம் சிரமமில்லாமல் நடக்கிறது. நின்றால் வரும் இடுப்புவலி குறைந்திருக்கிறது, முழுமையாகப் போகவில்லை. எடை 73. ஃபெரிட்டின் 41.

மாலையில் வயிறு வீங்குவது நான்கு மாதம் நீடித்தது. தொப்புளுக்குக் கீழே தொடு உணர்வு இன்னும் மங்கலாகவே இருக்கிறது. அந்த இடத்தில் வெந்நீர்ப் பை வைக்கக் கூடாது என்று எச்சரித்திருக்கிறோம். தழும்பின் வலது நுனி தடித்துக் கறுத்தது. சிலிகான் பட்டையை நாளில் பாதிக்கு மேல், மூன்று மாதம் ஒட்டியபின் தட்டையானது. நிறம் இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது. தழும்பு முதிர ஒன்று முதல் ஒன்றரை வருடம் ஆகும்.

மேல்வயிற்றில் சொன்னபடியே தளர்வு இருக்கிறது. கையும் தொடையும் அப்படியே. மார்பகத்துக்குக் கீழே வெப்ப நாட்களில் சிவப்பு வருகிறது. உலர்த்தும் முறையும் களிம்பும் அதற்குப் போதுமானதாக இருக்கின்றன. எடையை வாரம் ஒருமுறைதான் பார்க்கிறார். ஆலோசகரிடம் போவதை ஆறாம் மாதம் நிறுத்தி, பத்தாம் மாதம் தானாகவே மறுபடி தொடங்கினார். வயிறு தட்டையான பிறகு கண் கைகளுக்குத் தாவிவிட்டது என்பது அவர் சொன்ன காரணம். எதிர்பாராதது இல்லை. ஒரு பகுதி சீரானதும் மிச்சமுள்ளவை பெரிதாகத் தெரிவது இந்த அறுவைக்குப் பின் வழக்கம்தான்.

இனி மாற்றிச் செய்வது

ஸ்லீவ் அறுவைக்கு முன்பே தோலைப் பற்றிய பேச்சு இனி நடக்கும். இவருக்கு அப்போது சர்க்கரை, தையல், உணவு எல்லாம் விளக்கப்பட்டிருந்தன. தோல் மிஞ்சும் என்பது ஒரு வரியில் கடந்து போயிருந்தது. படங்களோடு, உடம்பின் எந்தெந்தப் பகுதியில் எவ்வளவு மிஞ்சக்கூடும் என்று காட்டிப் பேசுகிறோம். செமாக்ளூடைட் போன்ற ஊசிகளால் எடை குறைப்பவர்களுக்கும் இதே பேச்சு உண்டு. எடை எந்த வழியில் போனது என்பது தோலுக்குத் தெரியாது.

எடையை எங்கே நிறுத்துவது என்பதும் தொடக்கத்திலேயே எழுதப்படும். இலக்கு என்று ஓர் எண்ணை மட்டும் கொடுக்காமல், நாற்காலிப் பரிசோதனையும் பிடித்துப் பார்க்கும் தடிமனும் அதோடு சேரும். குறைப்பதை நிறுத்தும் கட்டத்தில் உணவியல் நிபுணரோடு தனிச் சந்திப்பு ஒன்று கட்டாயம். இவர் அந்தக் கட்டத்தை யார் துணையும் இல்லாமல் கடந்துபோனார். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12 ஆகியவற்றை முதல் ஆண்டில் மூன்று, ஆறு, பன்னிரண்டாம் மாதங்களிலும், பிறகு ஆண்டுதோறும் பார்க்கிறோம்.

ஒவ்வொரு சந்திப்பிலும் மடிப்புகளைத் தூக்கிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. "புண் ஏதாவது இருக்கா?" என்று கேட்டால் பாதிப்பேர் இல்லை என்பார்கள். கடையில் வாங்கித் தடவும் ட்யூபைக் கையோடு கொண்டுவரச் சொல்கிறோம். பெயர் சொன்னால் பெரும்பாலும் தவறாகத்தான் சொல்வார்கள். புகைப்படப் பதிவு முதல் நாளே தொடங்குகிறது. காப்பீடு கேட்டாலும் கேட்காவிட்டாலும், அறுவை தேவையா என்ற விவாதத்துக்கே அது அடிப்படை.

அறுவையை மடிப்பு ஆறி, சத்து தேறி, எடை நிலைத்த பிறகு என்று தள்ளிவைத்ததை மாற்ற மாட்டோம். குறுக்கு வெட்டோடு நிறுத்தியதையும்.

தொடையின் உட்பக்க அறுவை இன்னும் பேச்சில் இருக்கிறது. இறுக்கமான அரைக்கால் உள்ளாடை போட்டால் உரசல் தெரியவில்லை என்கிறார். நெடுந்தூரம் நடக்கும் நாட்களில் மட்டும் எரிகிறது. தொடைத் தழும்பு மெதுவாக ஆறும், பிரியும் வாய்ப்பும் அதிகம் என்பதால் சர்ஜன் அவசரப்படவில்லை. வயிற்றுத் தழும்பு முதிர்ந்தபின், பதினெட்டாம் மாதச் சந்திப்பில் மறுபடி பார்ப்பதாக முடிவு. அதுவரை உரசல் வரும் நாட்களையும் நடந்த தூரத்தையும் அவர் குறித்து வைக்கிறார்.